பரணிலிருந்து இறக்கிய புரொஜெக்டரை உடனே ஓட்டாதீர்கள்

கூட்டேரிப்பட்டு கூட்டுரோட்டில் நின்றால் ஒரு பக்கம் திண்டிவனம், மறுபக்கம் விழுப்புரம். மயிலம் வழியாகப் போனால் புதுச்சேரி. இந்த வட்டாரத்தில் சைகோன், பிரான்ஸ், மலேயா என்று பிழைக்கப் போய்த் திரும்பிய குடும்பங்கள் உண்டு. அப்படிப்பட்ட பழைய வீட்டை இடித்துக் கட்டும்போது, பரணிலிருந்து இறங்கும் சாமான்களோடு ஒரு கனத்த பெட்டியும் இறங்கலாம். உள்ளே 8 எம்.எம். அல்லது 16 எம்.எம். புரொஜெக்டர். கூடவே தகர டப்பாவில் கல்யாண ரீல், காதுகுத்து ரீல். பார்த்ததும் பிளக்கைச் சொருகிப் பார்க்கத்தான் கை பரபரக்கும். தயவுசெய்து பொறுங்கள்.

வீட்டில் படம் காட்டும் வசதி உலகத்துக்கு வந்தது 1920களில். 1922இல் பிரான்சின் பாத்தே நிறுவனம் 9.5 எம்.எம். படச்சுருளைக் கொண்டுவந்தது, அடுத்த ஆண்டே கோடாக்கின் 16 எம்.எம். வந்தது. 8 எம்.எம். 1932இல், சூப்பர் 8 1965இல். நம் பக்கத்துக் கதை அதற்கும் முந்தையது. ரயில்வேயில் வேலை பார்த்த சாமிக்கண்ணு வின்சென்ட், 1905இல் திருச்சிக்கு வந்த டுபான்ட் என்ற பிரெஞ்சுக்காரரிடம் புரொஜெக்டரையும் படங்களையும் விலைக்கு வாங்கி, ஊர் ஊராகக் கூடாரம் அடித்துக் காட்டினார். அந்தக் காலத்தில் படம் காட்டுகிறவர்தான் மெஷினுக்கு மெக்கானிக்கும். வீட்டு புரொஜெக்டரையும் அப்படித்தான் அணுக வேண்டும்.

முதலில் மெஷினில் ஒட்டியிருக்கும் தகட்டைப் படியுங்கள். 110 அல்லது 120 வோல்ட் என்றிருந்தால் நம் 230 வோல்ட் கரண்டில் ஒரு நொடியில் புகைந்துவிடும். ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும். அமெரிக்க மெஷின்கள் சில 60 சைக்கிளுக்குச் செய்யப்பட்டவை. நம் 50 சைக்கிளில் அவற்றின் மோட்டார் ஆறில் ஒரு பங்கு மெதுவாகச் சுற்றலாம். பேசும் படமானால் குரல் கட்டையாகிவிடும். ஒயரின் உறை வெடித்திருந்தால் மாற்றிவிடுங்கள்.

பிறகு, கரண்ட் கொடுக்காமலே குமிழைக் கையால் திருப்பிப் பாருங்கள். பெரும்பாலும் இறுகியிருக்கும். பழைய கிரீஸ் காய்ந்து கோந்தாகியிருப்பதுதான் காரணம். அதைத் துடைத்தெடுத்துவிட்டுத் தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு விட்டால் போதும். தேங்காய் எண்ணெய் கூடவே கூடாது. அதுவும் நாளாக நாளாகப் பிசினாகும். ரப்பர் பெல்ட் சில மெஷின்களில் தாரைப் போல உருகிப் புல்லியில் ஒட்டிக்கொண்டிருக்கும். நூலால் சுற்றளவை அளந்துகொண்டு, பழைய டேப் ரெக்கார்டர் பழுது பார்ப்பவர்களிடமோ சென்னை ரிச்சி தெருவிலோ தேடலாம்.

உயிர்நாடி, லென்ஸுக்குப் பின்னால் இருக்கும் கேட். படச்சுருள் நொடிக்கு 18 அல்லது 24 முறை அங்கே நின்று நின்று நகர்கிறது. ஒவ்வொரு முறையும் உரசும் சுருளிலிருந்து பூச்சு துளித்துளியாக உதிர்ந்து, கேட்டின் ஓரத்தில் கல்லாகக் கெட்டிப்பட்டுவிடும். அந்தத் துணுக்கு போதும், ஓடும் படம் முழுக்க நெடுக்காக ஒரு கீறல் விழ. ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் பஞ்சுக் குச்சியை நனைத்து ஊறவிட்டு, ஐஸ் குச்சி முனையால் மெல்லச் சுரண்டுங்கள். கத்தி, ஊசி, ஸ்க்ரூ டிரைவர் பக்கத்திலேயே வரக் கூடாது. கேட்டில் விழுந்த கீறல், அதன் பிறகு ஓடும் எல்லாப் படத்தையும் கீறும். தூசியையும் சும்மா விடாதீர்கள். சூப்பர் 8 படத்தின் ஒரு கட்டம் 6 மில்லிமீட்டர் அகலம்கூட இல்லை. அதை 5 அடித் திரையில் காட்டினால், கேட்டில் சிக்கிய ஒரு தலைமுடி விரல் தடிமனுக்குத் தெரியும்.

பல்பை வெறும் கையால் தொடாதீர்கள். குறிப்பாக ஹாலஜன் பல்பில் விரல் பிசுக்கு பட்டால் சூட்டில் வெடிக்கலாம். பல்பை எரியவிடும் முன் உள்ளே விசிறி சுற்றுகிறதா என்று பாருங்கள். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் லென்ஸில் பூஞ்சை பிடிக்கும். சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு மூடிவையுங்கள்.

எல்லாம் சரியான பிறகும் குடும்ப ரீலை முதலில் மாட்டக் கூடாது. வேண்டாத ஒரு சுருளை ஓட்டி, கீறல் விழவில்லை என்று உறுதி செய்துகொள்ளுங்கள். மெஷின் கெட்டால் இன்னொன்று வாங்கலாம். தாத்தாவின் கல்யாண ரீல் உலகத்தில் ஒன்றுதான். டப்பாவைத் திறந்ததும் புளித்த காடி வாசனை அடித்தால் சுருள் சிதையத் தொடங்கிவிட்டது. அதை ஓட்டவே வேண்டாம். அந்த ஆவி பக்கத்து ரீலையும் கெடுக்கும் என்பதால் தனியே எடுத்துவைத்து, டிஜிட்டலாக மாற்றித் தருபவர்களிடம் சீக்கிரம் கொடுங்கள். மும்பையின் ஃபிலிம் ஹெரிட்டேஜ் பவுண்டேஷன் 2017இல் சென்னையிலேயே படச்சுருள் பாதுகாப்புப் பயிற்சி நடத்தியது. வழி கேட்க அப்படிப்பட்ட அமைப்புகள் இருக்கின்றன.

படம் ஓடும் நாளில் வீட்டுப் பெரியவர்களைப் பக்கத்தில் உட்கார வையுங்கள். யார் யார், எந்த ஊர், எந்த வருஷம் என்று அவர்கள் சொல்லச் சொல்ல எழுதி, டப்பாவின் மேலேயே ஒட்டிவிடுங்கள்.