எந்த வேலைக்கு எந்த வாசல்? அரசு நிர்வாகத்தை அறிந்துகொள்வோம்

கல்லூரிச் சேர்க்கைக் காலம் வந்துவிட்டால், ஜும்ஆ முடிந்ததும் நம்மிடம் வரும் கேள்விகளில் பாதி மார்க்கக் கேள்விகளாக இருப்பதில்லை. “ஹஜ்ரத், பிள்ளைக்குச் சாதிச் சான்று இன்னும் வரல, கவுன்சிலரைப் பார்க்கட்டுமா?”, “வாரிசுச் சான்று கார்ப்பரேஷன்லயா, தாலுகா ஆபீஸ்லயா?” என்றுதான் கேட்கிறார்கள். தவறான வாசலில் நின்று நாட்களை இழப்பவர்கள் நம் சமுதாயத்தில் ஏராளம். எனவே அரசு நிர்வாகம் எப்படி அமைந்திருக்கிறது என்பதை நம் அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லியை வைத்தே பார்ப்போம்.

அமைச்சரும் அலுவலரும்

சட்டமன்றம் இயற்றும் சட்டத்தை நடைமுறைப்படுத்துவது நிர்வாகத்துறை. அதில் இரு சாரார் இருக்கிறார்கள். தேர்தலோடு வந்து போகும் அமைச்சர்கள் ஒரு சாரார். தேர்வெழுதிப் பணிக்கு வந்து, ஓய்வு பெறும்வரை நீடிக்கும் அலுவலர்கள் இன்னொரு சாரார். 234 உறுப்பினர்கள் கொண்ட நம் சட்டமன்றத்தில் முதலமைச்சர் உட்பட 35 பேர் வரைதான் அமைச்சர்களாக இருக்க முடியும். ஒவ்வொரு துறைக்கும் ஒரு செயலாளர் உண்டு. அவர்களுக்கெல்லாம் மேலே தலைமைச் செயலாளர். அரசாணைகள் ஆளுநரின் பெயரால் வெளியாகும்.

அமெரிக்காவில் அமைப்பு வேறு. அங்கே நிர்வாக அதிகாரம் முழுவதும் அதிபர் ஒருவரிடம் இருக்கிறது. துறைகள் 15. அவற்றின் தலைவர்கள் நாடாளுமன்ற உறுப்பினர்களாக இருக்கக் கூடாது. செனட் சபையின் ஒப்புதலும் வேண்டும். ஒரு காலத்தில் அங்கே அதிபர் மாறினால் அரசு வேலைகள் கட்சிக்காரர்களுக்குப் பங்கு போடப்படும். வேலை கிடைக்காத ஒருவன் 1881ல் அதிபர் கார்ஃபீல்டைச் சுட்டான். அதற்குப் பிறகே, 1883ல், தேர்வு மூலம் பணியமர்த்தும் சட்டம் வந்தது. நம் சென்னை மாகாணத்தில் 1929லேயே தேர்வாணையம் அமைந்துவிட்டது. மாகாணங்களில் அதுவே முதலாவது.

இங்கும் பரம்பரை முறை நெடுங்காலம் இருந்தது. கிராமக் கணக்குப்பிள்ளை வேலை தந்தைக்குப் பின் மகனுக்கு என்று போய்க்கொண்டிருந்தது. 1980ல் அது ஒழிக்கப்பட்டது. இன்றைய கிராம நிர்வாக அலுவலர், அதாவது வி.ஏ.ஓ., தேர்வாணையத்தின் மூலம் வருபவர்.

நம் பகுதியின் மூன்று கோடுகள்

நாம் அன்றாடம் சந்திக்கும் நிர்வாகம் மூன்று தனித்தனிக் கோடுகளாக ஓடுகிறது.

முதலாவது வருவாய்த்துறை: மாவட்ட ஆட்சியர், கோட்டாட்சியர், வட்டாட்சியர் (தாசில்தார்), வருவாய் ஆய்வாளர், வி.ஏ.ஓ. என்று மேலிருந்து கீழாக. பட்டா, சாதி, வருமானம், வாரிசுச் சான்றுகள் இங்கே.

இரண்டாவது உள்ளாட்சி: பிறப்பு, இறப்புப் பதிவு, சொத்துவரி, குடிநீர், குப்பை ஆகியவை இங்கே. கவுன்சிலர் இந்தக் கோட்டில்தான் இருக்கிறார்.

மூன்றாவது காவல்துறை.

சிக்கல் என்னவென்றால், இந்த மூன்றின் எல்லைகளும் ஒன்றல்ல. அம்பத்தூர் 2011 முதல் சென்னை மாநகராட்சியின் 7ஆம் மண்டலம். 2018 முதல் சென்னை மாவட்டம். ஆனால் காவல்துறையில் 2022 முதல் ஆவடி ஆணையரகம். ஆவடி 2019ல் தனி மாநகராட்சி ஆனது, மாவட்டம் திருவள்ளூர். பூந்தமல்லி நகராட்சிக்கும் மாவட்டம் திருவள்ளூரே; காவல்துறை ஆவடி ஆணையரகம். ஆகவே அம்பத்தூர்க்காரர் ஆட்சியரைப் பார்க்க ராஜாஜி சாலைக்குப் போக வேண்டும். ஆவடிக்காரர் திருவள்ளூருக்குப் போக வேண்டும்.

மத்திய அரசின் கோடு தனி. ஆவடி டேங்க் ஃபேக்டரி பாதுகாப்பு அமைச்சகத்தின் கீழ் உள்ளது. 2021 முதல் அரசு நிறுவனமாக இயங்குகிறது. பாஸ்போர்ட் வெளியுறவு அமைச்சகத்தின் வேலை; ஆனால் அதற்காக விசாரிக்க வருவது மாநிலக் காவல்துறை.

சான்று நடக்கும் வழி

இ-சேவையில் பதிந்த சாதிச் சான்று விண்ணப்பம் வி.ஏ.ஓ., வருவாய் ஆய்வாளர் வழியாகத் துணை வட்டாட்சியரிடம் போகும். இந்த வழியில் கவுன்சிலருக்கு இடமே இல்லை. 2007 முதல் நமக்குள்ள 3.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு, பட்டியலில் உள்ள லெப்பை, ஷேக், சையத், தக்னி உள்ளிட்ட ஏழு பிரிவினருக்கு. சான்றில் பிரிவின் பெயர் சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். மத்திய அரசுக் கல்வி நிறுவனங்களுக்கு இது போதாது, தனியாக ஓ.பி.சி. சான்று வேண்டும். அதையும் தாலுகா அலுவலகமே தருகிறது.

விண்ணப்பம் நின்றுவிட்டால், ஒப்புகைச் சீட்டு எண்ணை வைத்து எந்த மேசையில் நிற்கிறது என்று முதலில் அறியுங்கள். பிறகு ஒரு படி மேலே செல்லுங்கள்: வட்டாட்சியர், கோட்டாட்சியர், திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டம். அதற்கும் அசையாவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. 10 ரூபாய்க் கட்டணம், 30 நாட்களுக்குள் பதில் தர வேண்டும்.

வழி தெரியாதவரைத்தான் இடைத்தரகர் பிடிக்கிறார். லஞ்சம் வாங்குபவர் மட்டுமல்ல, கொடுப்பவரும் குற்றவாளி என்பதில் நாட்டின் சட்டமும் நம் மார்க்கமும் ஒன்றுபடுகின்றன. ஒவ்வொரு ஜமாஅத்தும் தன் பகுதிக்குரிய தாலுகா, மண்டல அலுவலகம், காவல் நிலையம் எவை என்று எழுதிப் பள்ளிவாசல் அறிவிப்புப் பலகையில் ஒட்டி வைக்கலாம். பிளஸ் டூ படிக்கும் பிள்ளைகள் இருக்கும் வீட்டார், தேர்வு முடிவு வரும்வரை காத்திராமல் இப்போதே சான்றுகளை எடுத்துச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.