காய்ச்சல் விட்டது; கவலை விட்டதா?

ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் பருவமழை வலுத்துவிட்டால், மயிலாப்பூர், தியாகராய நகர், அடையாறு ஆகிய பகுதிகளின் இல்லங்களில் ஓர் எண் அடிக்கடி பேசப்படுகிறது. "நேற்று எண்பதாயிரம், இன்று நாற்பதாயிரம்தான்" என்று பெற்றோர் கலக்கத்தோடு சொல்லக் கேட்கிறோம். இரத்தத்திலுள்ள தட்டணுக்களின், அதாவது பிளேட்லெட்டுகளின் எண்ணிக்கையே அது. டெங்குக் காய்ச்சல் கண்டவர் பிழைப்பதும் பிழையாததும் அந்த ஓர் எண்ணைப் பொறுத்ததே என்று நம்மில் பலர் நம்பியிருக்கிறோம். அது பாதி உண்மையே. மறுபாதியை அறியாததால் சில குடும்பங்கள் ஆபத்தான நேரத்தில் அயர்ந்துவிடுகின்றன.

இந்நோய் சென்னைக்குப் புதியதன்று. இந்தியாவில் டெங்குவை ஒத்த கொள்ளைக் காய்ச்சலைப் பற்றிய முதற்குறிப்பு, 1780இல் சென்னையில் பரவிய நோயைப் பற்றியதே. அண்மைக் காலத்தில், அரசுக் கணக்கின்படி, தமிழகத்தில் 2012ஆம் ஆண்டில் 12,000க்கும் மேற்பட்டோரும், 2017இல் 23,000க்கும் மேற்பட்டோரும் இதற்கு ஆளாயினர். அவ்விரு ஆண்டுகளில் ஒவ்வொன்றிலும் அறுபதுக்கு மேற்பட்ட உயிர்கள் பறிபோயின.

தட்டணுவைத் தூண்டும் கொழுப்பு

நலமான உடலில் ஒரு கன மில்லிமீட்டர் இரத்தத்தில் ஏறத்தாழ ஒன்றரை இலட்சம் முதல் நாலரை இலட்சம் வரை தட்டணுக்கள் உள்ளன. இரத்தக் குழாயில் காயம் ஏற்பட்டால் இவை ஒன்றோடொன்று ஒட்டித் திரண்டு துளையை அடைக்கின்றன. இவற்றைத் திரளச் செய்யும் பொருள்கள் பல. அவற்றுள் ஒன்றை 1972இல் பிரெஞ்சு அறிஞர் ழாக் பென்வெனிஸ்த் தம் உடன் ஆய்வாளர்களோடு கண்டறிந்தார். முயலின் தட்டணுக்களை அது தூண்டியதால் 'தட்டணுத் தூண்டு காரணி' என்னும் பொருள்பட அதற்குப் பெயரிட்டனர். மருத்துவர்கள் அதனைச் சுருக்கமாகப் பி.ஏ.எஃப். என்பர். அது பாஸ்பரஸ் கலந்த ஒருவகைக் கொழுப்பு என்பது 1979இல் தெளிவாயிற்று. வெள்ளையணுக்களும், இரத்தக் குழாயின் உட்சுவரும், தட்டணுக்களுமே அதனை உண்டாக்குகின்றன. மிக மிகச் சிறிய அளவே வேலை செய்யப் போதுமானது. வேலை முடிந்ததும் இரத்தத்திலுள்ள ஒரு நொதி அதனைச் சில நிமிடங்களில் சிதைத்துவிடுகிறது.

பெயரைப் பார்த்து இதன் வேலை தட்டணுக்களோடு முடிந்துவிடுகிறது என்று எண்ணலாகாது. இரத்தக் குழாயின் உட்சுவரில் செங்கற்களைப்போல நெருங்கியிருக்கும் அணுக்களுக்கிடையே இது இடைவெளியை உண்டாக்குகிறது. அவ்வழியே நீரும் வெள்ளையணுக்களும் நோயுற்ற இடத்தைச் சென்றடைகின்றன. அளவோடு நிகழ்ந்தால் இது காவல். அளவு மீறினால் இதுவே கேடு. கடலை போன்ற உணவோ, மருந்தோ, குளவிக் கொட்டோ ஒவ்வாமல் சிலர் திடீரென மயங்கி விழுவதுண்டு. அத்தகையோரைப் பற்றி 2008இல் வெளியான ஓர் ஆய்வில், நிலைமை எவ்வளவு கடுமையோ அவ்வளவுக்கு இரத்தத்தில் பி.ஏ.எஃப். மிகுந்தும், அதனைச் சிதைக்கும் நொதி குறைந்தும் இருந்தன.

இலங்கையில் கண்ட உண்மை

டெங்குவிலும் இக்காரணிக்குப் பங்குண்டு என்பதை நம் அண்டை நாடான இலங்கையின் அறிஞர்கள் எடுத்துக் காட்டினர். ஸ்ரீ ஜயவர்தனபுரப் பல்கலைக்கழகப் பேராசிரியர் நீலிகா மாலவிகே குழுவினரின் ஆய்வு 2015இல் வெளிவந்தது. சாதாரண டெங்கு கண்டவர்களைவிட, கசிவோடு கூடிய கடுமையான டெங்கு கண்டவர்களின் இரத்தத்தில் பி.ஏ.எஃப். மிகுந்திருந்தது. நோயாளரின் இரத்தநீரை ஆய்வகத்தில் வளர்த்த குழாய்ச்சுவர் அணுக்களின்மேல் இட்டபோது அவற்றின் பிணைப்புத் தளர்ந்தது, பி.ஏ.எஃப்.ஐத் தடுக்கும் பொருளைச் சேர்த்தபோது அத்தளர்ச்சி குறைந்தது. ஒவ்வாமைக்கு வழங்கப்படும் ரூபாடடின் என்னும் மாத்திரைக்கு இத்தடுப்பாற்றல் உண்டாதலால், அதனை அங்கே நோயாளரிடம் சோதித்தும் பார்த்தனர். எனினும் அது டெங்குவுக்கான மருந்தென இன்னும் நிலைநாட்டப்படவில்லை. ஆகவே யாரும் தாமாக வாங்கி உண்ணலாகாது.

எச்சரிக்கை நேரம்

இதிலிருந்து நாம் அறிய வேண்டுவது யாது? டெங்குவில் உயிரைப் பறிப்பது பெரும்பாலும் தட்டணுக் குறைவு மட்டுமன்று. குழாயிலிருந்து நீர் கசிந்து, இரத்தம் சுண்டி, அழுத்தம் வீழ்வதே. அக்கசிவு பெரும்பாலும் மூன்றாம் நாளுக்கும் ஏழாம் நாளுக்கும் இடையே, காய்ச்சல் இறங்கும் வேளையில் தொடங்கி, 24 முதல் 48 மணி நேரம் நீடிக்கிறது. "சூடு தணிந்துவிட்டது, இனிப் பயமில்லை" என்று தாய் பெருமூச்சு விடும் அந்த நேரமே விழித்திருக்க வேண்டிய நேரம்!

கடும் வயிற்றுவலி, ஓயாத வாந்தி, பல்லீறிலோ மூக்கிலோ இரத்தக்கசிவு, மலம் கறுத்துப் போதல், மூச்சுத் திணறல், கைகால் சில்லிடல், சிறுநீர் குறைதல், சோர்வு அல்லது அமைதியின்மை ஆகியவற்றுள் ஒன்று தோன்றினும் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். இரத்தப் பரிசோதனை அறிக்கையில் தட்டணுக்களுக்கு மேலோ கீழோ 'பி.சி.வி.' என்றோர் எண் இருக்கும். தட்டணு குறைய அது ஏறினால், இரத்தம் சுண்டுகிறது என்று பொருள். மருத்துவர் கூர்ந்து நோக்குவது அதனையே.

தட்டணு குறைந்தவுடன் இரத்த வங்கிகளுக்கு ஓடுவதும் எப்போதும் தேவையன்று. சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் 372 பேரிடம் நடந்து 2017இல் வெளியான ஆய்வில், எண்ணிக்கை 20,000க்குக் குறைந்தும் இரத்தப்போக்கு இல்லாத பெரியவர்களுக்கு முன்கூட்டியே தட்டணு ஏற்றியதால் இரத்தப்போக்கு தடுக்கப்படவில்லை, பக்கவிளைவுகளே மிகுந்தன. எப்போது ஏற்றுவதென்பதை மருத்துவரே முடிவு செய்யட்டும்.

வீட்டில் நாம் செய்யத்தக்கவை எளியவை. கஞ்சி, இளநீர், உப்புச் சர்க்கரைக் கரைசல் ஆகியவற்றை அடிக்கடி கொடுக்கலாம். காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் மட்டும், உரிய அளவில் போதும். ஆஸ்பிரின், இபுபுரூஃபன் போன்றவை இரத்தப்போக்கை மிகுவிக்கும். அவற்றை அறவே தவிர்க்க வேண்டும். நிலவேம்புக் குடிநீரையோ பப்பாளியிலைச் சாற்றையோ நம்பி மருத்துவரிடம் செல்வதைத் தள்ளிப்போடலாகாது.

எல்லாவற்றிற்கும் முன்னதாக, கொசுவுக்கு இடங்கொடாதிருப்பதே அறிவுடைமை. டெங்குக் கொசு சாக்கடையில் அன்று, நல்ல தண்ணீரில் முட்டையிடுவது, பகலில் கடிப்பது. மூடாத தொட்டி, டிரம், குளிர்பதனப் பெட்டியின் பின்தட்டு, பூந்தொட்டியின் அடித்தட்டு, மொட்டைமாடியில் கிடக்கும் தேங்காய்ச் சிரட்டை ஆகிய யாவும் அதற்குத் தொட்டில்களே. முட்டை கொசுவாக ஏறத்தாழ எட்டு, பத்து நாள்கள் ஆகும். ஆகவே வாரம் ஒருமுறை அவற்றைக் கவிழ்த்துத் தேய்த்துக் கழுவினால் போதும். நம் வீட்டுத் தொட்டியில் பிறக்கும் கொசு அடுத்த வீட்டுக் குழந்தையையும் கடிக்கும் என்பதை மறவாதிருப்போமாக.