பழி தீர்த்தவன் பெற்ற பரிசு

ஒற்றர் கதைகளை விரும்பிப் படிக்கும் மாணவரை நான் குறை கூறுவதில்லை. தன் அரசினால் வஞ்சிக்கப்பட்ட உளவாளி ஒருவன் கட்டளைகளை உதறிவிட்டுத் தன்னந்தனியே பழிவாங்கப் புறப்படுகிறான், ஈற்றில் பகைவன் வீழ்கிறான், நூலும் முடிகிறது. பகைவன் வீழ்ந்த மறுநாள் என்ன நிகழ்ந்தது என்பதை அக்கதைகள் சொல்வதில்லை. அதையும் சேர்த்துச் சொல்லும் உண்மை வரலாறு ஒன்று, நான் வாழும் பல்லேகலவைச் சூழ்ந்த தும்பறையிலே நடந்தேறியது.

கண்டியின் கடைசி மன்னன் ஸ்ரீ விக்கிரமராஜசிங்கன். கண்ணுசாமி என்னும் இயற்பெயர் கொண்ட நாயக்கர் குலத்தவன். 1798இல் அரியணை ஏறியவன். 1803இல் கண்டிமீது படையெடுத்த ஆங்கிலேயர் பெருந்தோல்வி கண்டனர். பீரங்கியால் ஆகாததை ஒற்றினால் முடிக்கும் பொறுப்பு ஜோன் டொயிலி என்பவரிடம் வந்தது. சிங்களம் கற்றுத் தேர்ந்து, 1805இல் அரசின் தலைமை மொழிபெயர்ப்பாளரான அவர், பிக்குகள், வணிகர் முதலியோர் வாயிலாக மலைநாட்டுச் செய்திகளைத் திரட்டினார். 1810 முதல் 1815 வரை அவர் எழுதிய நாட்குறிப்பு 1917இல் அச்சேறியது. ஒற்றாடலுக்கெனத் தனி அதிகாரமே வகுத்த வள்ளுவர் நூலைப் பயில்வோர், அந்நாட்குறிப்பையும் அருகில் வைத்துப் படித்தல் நன்று.

டொயிலியுடன் இரகசியத் தொடர்பு கொண்டோருள் தலையாயவன், மன்னனின் முதலாம் அதிகாரான எகலப்பொல. 1814இல் அவன் சப்பிரகமுவவில் கிளர்ச்சி செய்து, அது முறியவே கொழும்புக்கு ஓடி ஆங்கிலேயரிடம் தஞ்சம் புகுந்தான். அவன் குடும்பமோ கண்டியில் மன்னன் கையில் இருந்தது. பிள்ளைகள் சிரச்சேதம் செய்யப்பட்டனர். மனைவி குமாரிகாமி போகம்பறை வாவியில் அமிழ்த்தப்பட்டாள். அஞ்சிய தமையனை விலக்கி முன்சென்ற சிறுவன் மத்தும பண்டாரவைச் சிங்களக் குழந்தைகள் இன்றும் அறிவர்.

அத்தந்தையின் துயரம் மெய்யானது, அதில் ஐயமில்லை. ஆனால் அத்துயரத்திற்கு ஒரு விலை உண்டு என்பதைக் கொழும்பு அறிந்திருந்தது. கொடுங்கோலனிடமிருந்து மக்களை மீட்பதே நோக்கமெனத் தேசாதிபதி பிரவுன்றிக் 1815 ஜனவரியில் போர் தொடுத்தார். பெப்ரவரி 14இல் படை கண்டியுட் புகுந்தது. தும்பறைக்குத் தப்பியோடிய மன்னன், 18ஆந் தேதி மெதமகாநுவரவுக்கு அருகே பிடிபட்டான். பல்லேகலவிலிருந்து திகன, தெல்தெனிய வழியாகக் கிழக்கே சென்றால் அம்மலைப்புறத்தை அடையலாம். அவனைப் பிடித்தோர் ஆங்கிலச் சிப்பாய்கள் அல்லர். எகலப்பொலவின் ஆட்களும் அவர்களோடு சேர்ந்த உள்நாட்டாருமே.

கதையாயின் இங்கே முற்றுப்புள்ளி விழுந்திருக்கும். வரலாறு மேலும் நடந்தது. மார்ச் 2இல் கையெழுத்தான கண்டி ஒப்பந்தம், முடியை ஆங்கில மன்னனுக்கே வழங்கிற்று. எகலப்பொல பதவி எதனையும் ஏற்காது, ஆங்கில அரசின் நண்பன் என்ற பெயரோடு நின்றான். அந்த நட்பு மூன்றாண்டே நிலைத்தது. 1818இல் ஊவாக் கிளர்ச்சி பரவியபோது, ஐயத்தின் பேரில் அவன் சிறைப்பட்டான். அவன் மனைவியின் உடன்பிறந்தானாகிய கெப்பெட்டிப்பொல கிளர்ச்சித் தலைவனாகி, அவ்வாண்டு நவம்பரில் போகம்பறையிலே தலை கொடுத்தான். 1825இல் எகலப்பொல மொரீசியசுக்கு நாடு கடத்தப்பட்டு, 1829இல் அங்கேயே மாண்டான். அவனால் முடியிழந்த மன்னன் 1832இல் வேலூரில் கண்மூடினான். பழி கொண்டவனும் கொள்ளப்பட்டவனும், ஒரே அரசின் கைதிகளாகக் கடல் கடந்த மண்ணிலே உயிர் நீத்தனர்.

பிள்ளைகளைப் பறிகொடுத்தவனிடம் பொறுமையைப் போதிக்க எனக்கு வாய் வராது. ஆயினும் இளைஞர்க்கு ஒன்று சொல்வேன். பழிவாங்கப் புறப்படுபவனுக்கு வாளை நீட்டும் கை யாருடையது என்று பாருங்கள். கண்டியில் அந்தக் கை எகலப்பொலவின் கண்ணீரைத் துடைக்க நீளவில்லை. முடியை எடுக்கவே நீண்டது.