உடற்பருமனும் கடும்பயிற்சியும்

திருக்குறளில் 'மருந்து' அதிகாரத்தை நடத்துங்கால் மாணவரிடையே ஒரு வினா எழுவதுண்டு. உணவின் அளவை இத்துணை வலியுறுத்திய வள்ளுவர் அங்கு உடற்பயிற்சியை ஏன் குறிக்கவில்லை? ஏர் உழுதும் நெல் குற்றியும் கால்நடையாகவே ஊர் சென்றும் வாழ்ந்தோர்க்குத் தனியே பயிற்சி எதற்கு என்பதே விடையாகலாம். நாமோ திண்டிவனத்திலிருந்து விழுப்புரத்திற்குப் பேருந்தில் அமர்ந்து வந்து, நாற்காலியில் அமர்ந்து பணியாற்றி, மீண்டும் அமர்ந்தே வீடு திரும்புகின்றோம்.

உடல் நிறைக் குறியீட்டெண் 30ஐ எட்டினால் பருமன் என்பது உலக வழக்கு. இந்தியர்க்கு 25 என்பதே எல்லையென மருத்துவ வல்லுநர் 2009இல் வரையறுத்தனர். ஐந்தடி ஐந்தங்குல உயரமுடையார் 68 கிலோவிலேயே அவ்வெல்லையைத் தொட்டுவிடுகின்றார். 2023இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழக ஆய்வு, வயது வந்தோருள் 100க்கு ஏறத்தாழ 40 பேர் தொந்திப் பருமன் உடையோர் எனக் காட்டிற்று.

இத்தகையோர் கடும்பயிற்சி என்றதும் அஞ்சுகின்றனர். பிறர் நகைப்பரோ என்று கூசுகின்றனர். கடுமையை அளப்பது இதயத் துடிப்பேயன்றி ஓட்டத்தின் விரைவன்று. 220இல் வயதைக் கழித்தால் உச்சத் துடிப்பு தோராயமாகக் கிடைக்கும். நாற்பத்தைந்து வயதினர்க்கு அது 175. அதில் 90 விழுக்காடு ஏறத்தாழ 157. இளைஞன் ஓடி அடையும் இந்நிலையைப் பருத்த உடலினர் விரைநடையிலேயே அடைந்துவிடலாம். இரண்டு மூன்று சொற்களுக்கு மேல் தொடர்ந்து பேச இயலாதவாறு மூச்சு வாங்குவதே அதற்கு அடையாளம்.

நார்வே நாட்டு ஆய்வாளர் 2008இல் வெளியிட்ட ஆய்வொன்று ஈண்டுக் கருதத்தக்கது. தொந்தி, இரத்த அழுத்தம், சர்க்கரைக் கோளாறு முதலியன ஒருங்கே உடைய 32 பேர் அதில் பங்கேற்றனர். ஒரு குழுவினர் நான்கு நிமிடம் கடுமையாகவும் அடுத்த மூன்று நிமிடம் மெதுவாகவும் மாறி மாறி, நான்கு சுற்றுகள் ஏற்றநடை பயின்றனர். மற்றொரு குழுவினர் ஒரே சீராகப் பயின்றனர். வாரம் மும்முறை, 16 வாரங்கள். உடல் உயிர்வளியை ஏற்றுப் பயன்படுத்தும் உச்ச ஆற்றல் முதற்குழுவில் 35 விழுக்காடும் மற்றதில் 16 விழுக்காடும் உயர்ந்தது. எடைக்குறைவிலோ இரு குழுவினர்க்கும் பெரிய வேறுபாடில்லை!

எடைப்பொறியின் முள் அசையவில்லையென ஒரு திங்களிலேயே பயிற்சியைக் கைவிடுவோர் பலர். முள் காட்டாத ஆதாயம் இதயத்தில் சேர்ந்துகொண்டிருப்பதை அவர்கள் அறியார். எடை குறைதல் பெரிதும் உணவைப் பொறுத்தது. பிரியாணித் தட்டைப் பயிற்சி தானே ஈடுசெய்துவிடாது.

நெஞ்சுவலியோ மூட்டுவலியோ உயர் இரத்த அழுத்தமோ உடையோர் மருத்துவரைக் கலந்த பின்னரே தொடங்குதல் வேண்டும். சர்க்கரைக்கு ஊசியோ மாத்திரையோ கொள்வோர் ரமலான் பகற்பொழுதில் கடும்பயிற்சியைத் தவிர்ப்பது நன்று. சர்க்கரை திடீரெனத் தாழ்ந்துவிடக்கூடும்.

ஏற்றநடைக்குச் செஞ்சிக் குன்றுகளைத் தேடிச் செல்ல வேண்டுவதில்லை. சுபுஹுத் தொழுகை முடித்து வீடு திரும்பும் பெரியவர் வழியில் ஒரு நிமிடம் விரைந்தும் இரண்டு நிமிடம் தளர்ந்தும் நடக்கலாம். பெண்டிர்க்கு மொட்டைமாடி போதும். முதல் இரு வாரங்கள் இவ்வளவே. பின்னர் விரையும் நேரத்தைச் சிறிது சிறிதாக நீட்டலாம்.