பத்துக் குள்ளரும் ஐந்து பூதங்களும்

ஆடு புலி ஆட்டம் ஆடியிருக்கிறீர்களா? ஒரு பக்கம் மூன்றே மூன்று புலிகள். மறு பக்கம் பதினைந்து ஆடுகள். புலி ஆட்டைத் தாண்டி வெட்டலாம். ஆடுகளோ புலியைச் சூழ்ந்து அடைக்க மட்டுமே முடியும். ஆனாலும் இரு பக்கமும் வெல்ல வாய்ப்பு இருக்கிறது. புலியின் வலிமையும் ஆடுகளின் எண்ணிக்கையும் ஒன்றுக்கொன்று பொருந்தி அமைந்திருப்பதே காரணம். ஐந்து ஆடுகளை மட்டும் வைத்து ஆடிப் பாருங்கள்; இரண்டாம் ஆட்டத்திலேயே அலுத்துவிடும்.

அப்படி ஓர் ஆட்டத்தை நாமே அமைத்தால் என்ன? தாளில் வீரர்களை வரைந்து, வெட்டி, நிறுத்தி, குள்ளருக்கும் பூதங்களுக்கும் ஒரு கற்பனைப் போர் நடத்துவோம். அதை அமைக்கும்போது ஒரு கேள்வி நம்மை மடக்கும். ஒரு பூதம் எத்தனை குள்ளருக்குச் சமம்? விடை எளிது என்றுதான் முதலில் தோன்றும்.

மேசைமேல் போர்

மேசைமேல் போர் நடத்துவது புதிதல்ல. 1812-ல் பிரஷ்ய நாட்டவரான ரைஸ்விட்ஸ் என்பவர் ஒரு போர் விளையாட்டை அமைத்துத் தம் அரசரிடம் காட்டினார். அவருடைய மகன் அதைத் திருத்தி, 1824-ல் விதிகளை வெளியிட்டார். உண்மையான நிலப்படம், படைகளைக் குறிக்கும் சிறு கட்டைகள், தற்செயலைக் காட்டப் பகடை ஆகிய மூன்றும் அதில் இருந்தன. பிரஷ்யப் படை அதிகாரிகள் அதில் பயிற்சி பெற்றார்கள்.

இதே விளையாட்டு வீட்டுக்குள்ளும் வந்தது. அறிவியல் கதைகள் எழுதிய எச். ஜி. வெல்ஸ், பொம்மைப் படைவீரர்களைக் கொண்டு தரையில் ஆடும் போருக்கு விதிகள் வகுத்து, 1913-ல் ஒரு நூல் வெளியிட்டார். 1974-ல் அமெரிக்கர்களான கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னிசன் இருவரும் மந்திரவாதிகளும் பறவைநாகங்களும் உலவும் 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' ஆட்டத்தை வெளியிட்டார்கள். அதுவும் இத்தகைய பொம்மைப் போர்களிலிருந்து வளர்ந்ததுதான்.

ஈயப் பொம்மைகள் விலை மிகுந்தவை. பிரான்சின் எபினால் நகரில் 19ஆம் நூற்றாண்டிலேயே படைவீரர் படங்களைத் தாளில் அச்சிட்டு விற்றார்கள். குழந்தைகள் அவற்றை வெட்டி, அட்டையில் ஒட்டி விளையாடினார்கள். நாமும் அந்த வழியையே பின்பற்றுவோம்.

தாள் வீரன் விழாமல் நிற்க

சற்றுத் தடித்த ஏ4 தாளில் 2 செ.மீ. அகலமும் 11 செ.மீ. நீளமும் உள்ள பட்டைகளாகக் கோடு போடுங்கள். ஒரு தாளில் 20 பட்டைகள் கிடைக்கும். ஒவ்வொரு பட்டையையும் ஒரு முனையிலிருந்து 1, 2, 4, 4 செ.மீ. எனப் பிரித்துக்கொள்ளுங்கள். முதல் 1 செ.மீ. பசை தடவும் இடம். அடுத்த 2 செ.மீ. அடிப்பாகம். அடுத்த 4 செ.மீ.யில் வீரனின் முன்புறத்தையும், கடைசி 4 செ.மீ.யில் பின்புறத்தையும் வரையுங்கள். பின்புறத்தை மட்டும் தலைகீழாக வரைய வேண்டும். மடித்ததும் அது தானே நேராகிவிடும்!

கோடுகளில் மடித்து ஒட்டினால் சிறு கூடாரம் போன்ற வடிவம் கிடைக்கும். ஒரு குள்ளன், ஒரு பூதம் வரைந்தால் போதும். மற்றவற்றை நகல் எடுத்துக்கொள்ளலாம். கணினியில் வரைந்து அச்சிட்டாலும் சரி.

ஏன் கூடார வடிவம்? தட்டையான தாள் மூச்சுக் காற்றுக்கே விழுந்துவிடும். ஒரு பொருளின் ஈர்ப்பு மையத்திலிருந்து கீழ்நோக்கி வரையும் கோடு அதன் அடிப்பரப்புக்குள் விழும்வரை அது கவிழாது. அடி அகன்றால் கோடு வெளியே செல்ல நெடுந்தூரம் சாய வேண்டும். அடிப்பாகத்தின் உட்புறம் ஒரு தடித்த அட்டைத் துண்டை ஒட்டுங்கள். ஈர்ப்பு மையம் தாழ்ந்து, வீரன் இன்னும் உறுதியாக நிற்பான்.

விதிகள்

ஒரு சுற்றில் ஒவ்வொரு வீரனுக்கும் ஒருமுறை பகடை உருட்ட வேண்டும். குள்ளனுக்கு 6 விழுந்தால் எதிரியில் ஒருவன் வீழ்வான். பூதத்துக்கு 5 விழுந்தாலும் 6 விழுந்தாலும் எதிரி வீழ்வான். இரு பக்கமும் உருட்டி முடித்த பிறகே வீழ்ந்தவர்களை எடுக்க வேண்டும். குள்ளர் அம்பு எய்வார்கள். பூதங்கள் கல் எறியும். ஆகவே சமவெளியில் எல்லாரும் ஒரே நேரத்தில் தாக்கலாம்.

குள்ளன் அடிக்கும் வாய்ப்பு ஆறில் ஒன்று. பூதத்துக்கு ஆறில் இரண்டு. அதாவது பூதம் இரு மடங்கு வலிமை உடையது. எனவே பத்துக் குள்ளருக்கு ஐந்து பூதங்கள் சரியான போட்டி என்றுதானே சொல்வீர்கள்? ஆடிப் பாருங்கள். பூதங்கள் பெரும்பாலும் தோற்கும். பாதிக்கு மேற்பட்ட குள்ளர் உயிரோடு நிற்பார்கள்!

எங்கே பிழை?

முதலில் பூதங்களை ஒதுக்கிவிட்டு, பத்துக் குள்ளரையும் ஆறு குள்ளரையும் மோதவிடுவோம். முதல் சுற்றில் ஆறு பேர் சராசரியாக ஒருவரை வீழ்த்துவார்கள். பத்துப் பேர் வீழ்த்துவது சராசரியாக 1.67. பெரிய படை இழந்தது பத்தில் ஒரு பங்கு. சிறிய படையோ நாலில் ஒரு பங்குக்கும் மேல் இழந்துவிட்டது. அடுத்த சுற்றில் இந்த இடைவெளி இன்னும் பெருகும். எண்ணிக்கை இரண்டு வழியில் உதவுகிறது. ஆள் கூடினால் விழும் அடிகளும் கூடும். வாங்கும் அடிகளும் பலருக்கிடையே பங்காகும். ஆகவே படையின் ஆற்றல் எண்ணிக்கையைப் போல அல்ல, எண்ணிக்கையின் வர்க்கத்தைப் போல வளர்கிறது.

இதைக் கணக்காக வகுத்தவர்களுள் ஒருவர் கார்களை வடிவமைத்த ஆங்கிலப் பொறியாளர் லான்செஸ்டர். 1916-ல் வெளிவந்த தம் நூலில் அவர் இதை விளக்கினார். அவருடைய கணக்குப்படி 10-ன் வர்க்கம் 100, 6-ன் வர்க்கம் 36, வேறுபாடு 64. அதன் வர்க்கமூலம் 8. சிறிய படை முழுவதும் அழியும்போது பெரிய படையில் 8 பேர் மிஞ்சுவர்! 6, 8, 10 என்ற எண்களை எங்கோ பார்த்த நினைவு வருகிறதா? பிதாகரஸ் தேற்றத்தில் வரும் செங்கோண முக்கோணத்தின் பக்கங்கள்தாம் அவை.

இப்போது பூதங்களுக்கு வருவோம். ஐந்து பூதங்களின் ஆற்றல் 2 × 25 = 50. பத்துக் குள்ளரின் ஆற்றல் 1 × 100 = 100. பிழை எங்கே என்று தெரிகிறதா? வலிமையை ஒருமுறைதான் பெருக்குகிறோம்; எண்ணிக்கையை இருமுறை பெருக்குகிறோம். ஏழு பூதங்கள் இருந்தால் 2 × 49 = 98. இதுதான் நேர்மையான போட்டி. ஐந்து பூதங்களே வேண்டும் என்றால், ஒவ்வொன்றும் இரண்டு அடி வாங்கிய பிறகே விழும் என்று விதியை மாற்றுங்கள். அப்போது 2 × 2 × 25 = 100.

பாலத்தின் மேல்

களத்தின் நடுவே ஓர் ஆறு வரையுங்கள். அதன்மேல் ஒருவர் மட்டுமே செல்லக்கூடிய பாலம். எங்கும் மூடுபனி, அம்பும் கல்லும் பயன்படா. முன்னால் நிற்கும் குள்ளனும் முன்னால் நிற்கும் பூதமும் மட்டுமே மோத முடியும். ஒருவர் விழுந்தால் அடுத்தவர் வருவார். இங்கே பின்னால் நிற்கும் ஒன்பது பேரும் வெறும் பார்வையாளர்கள். ஆகவே வர்க்கம் வராது. 2 × 5 = 10; 1 × 10 = 10. பாலத்தின் மேல் ஐந்து பூதங்களும் பத்துக் குள்ளரும் சமமே!

நாம் முதலில் சொன்ன விடை தவறல்ல. வேறோர் இடத்துக்குரிய விடை, அவ்வளவுதான். லான்செஸ்டரும் கைகலப்புக்கு ஒரு விதி, தொலைவிலிருந்து சுடும் போருக்கு வேறொரு விதி என இரண்டைச் சொன்னார்.

இதை நம்பிவிடாதீர்கள், சோதித்துப் பாருங்கள். ஒரே ஓர் ஆட்டம் எதையும் மெய்ப்பிக்காது. பகடை சில நேரம் ஐந்து பூதங்களையும் வெல்ல வைக்கும். சமவெளியில் இருபது ஆட்டம், பாலத்தில் இருபது ஆட்டம் ஆடி, யார் வென்றார், எத்தனை பேர் மிஞ்சினார் என நோட்டில் குறியுங்கள். மிஞ்சுவோர் கணக்கில் வந்ததைவிடச் சற்றுக் குறையலாம். கணக்கு, இழப்பு சிறிது சிறிதாக ஏற்படுவதாகக் கொள்கிறது. நாமோ சுற்றுச் சுற்றாக முழு ஆட்களை எடுக்கிறோம்.

உண்மையான ஒன்றைப் புரிந்துகொள்ள எளிய விதிகளால் அமைக்கும் இத்தகைய உருவை அறிவியலார் 'மாதிரி' என்பார்கள். மாதிரி தரும் விடை, நாம் அதில் வைத்த அனுமானங்களைப் பொறுத்தது. நம் குள்ளருக்குப் பசியில்லை, அச்சமில்லை, வீட்டில் காத்திருக்கும் தாயும் இல்லை. வீழ்ந்தவர்கள் அடுத்த ஆட்டத்துக்கு எழுந்து வருவார்கள். உண்மைப் போரில் எவரும் அப்படி எழுந்து வருவதில்லை. அதை மறவாமல், கத்தரிக்கோலை எடுங்கள். முதல் ஆட்டத்தில் தம்பியோ தங்கையோ பூதங்களைக் கேட்டால், ஏழாகக் கொடுங்கள்!