எந்த லேப்டாப் நமக்கு?

அம்மா இருபது மாதம் கட்டிய சீட்டை எடுத்துப் பணம் கொடுத்தாங்க. எங்கள் வீட்டில் முதலில் படிக்க வந்தவன் நான். கேட்டால் சொல்ல ஆளில்லை. நானாகத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

முதலில் வேலையைப் பாருங்க, பிறகு விலை. குரோம்புக் கனமில்லை, விலையும் குறைவு. நெட் பார்க்க, டைப் அடிக்கப் போதும். ஆனால் லேபில் நாம் போடும் ஆட்டோகேட் அதில் ஏறாது. கேமிங் லேப்டாப் 3டி வரைபடத்துக்கு நல்லது; ஆனால் கனம், விலை இரண்டும் அதிகம், சார்ஜும் சீக்கிரம் இறங்கிடும். நமக்குச் சாதாரண விண்டோஸ் லேப்டாப் போதும். 8 ஜிபி ராமும் எஸ்.எஸ்.டி.யும் இருக்கணும்.

பழசு வாங்கினால் கவனம்! விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்துவிட்டது. இன்டெல்லில் 8-ஆம் தலைமுறைக்கு முந்தியவற்றில் பெரும்பாலும் விண்டோஸ் 11 முறைப்படி ஏறாது.

கடைக்காரர், "ஐ7 தம்பி, எடுத்துக்கோ" என்றார். நம்பரைப் பார்த்தேன்: 6600யு. முதல் எண் 6, அதாவது 6-ஆம் தலைமுறை, கோர் இரண்டுதான். பக்கத்தில் ஐ5-8250யு: 8-ஆம் தலைமுறை, கோர் நான்கு. அதையே வாங்கினேன்.

ஸ்டிக்கரை நம்பாதீங்க, நண்பர்களே; நம்பரைப் படிங்க. நம் கையில் இருப்பது அம்மா கட்டிய சீட்டுப் பணம்!