காத்தோங்கிற்கு ஒரு காலத்தில் தனி வட்டாரம் இருந்தது

சிலோன் ரோட்டில் உள்ள ஸ்ரீ செண்பக விநாயகர் ஆலயத்தில் கும்பிட்டுவிட்டு, ஈஸ்ட் கோஸ்ட் ரோட்டைத் தாண்டி மரின் பரேட் பக்கம் நடந்து பாருங்கள். சற்று நேரத்தில் பழைய கடைவீடுகள் முடிந்து வீவக புளோக்குகள் தொடங்கிவிடும். இந்தச் சின்ன நடையில் கண்ணுக்குத் தெரியாத ஓர் எல்லையையும் கடக்கிறோம். புளோக்கில் மின்தூக்கி பழுதானால் நகர மன்றத்தை அழைக்கலாம். கடைவீட்டு ஐந்தடியில் ஓடு பெயர்ந்தால் நகர மன்றம் வராது.

ஒரே வட்டாரத்துக்குள் ஏன் இந்த வேறுபாடு? இதைப் புரிந்துகொள்ள, காத்தோங்கின் பெயரில் ஒரு கிராமப்புற வட்டாரம் இருந்து மறைந்த கதையைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

நகரம் ஒரு பக்கம், கிராமம் ஒரு பக்கம்

காலனித்துவக் காலத்தில் சிங்கப்பூர்த் தீவு முழுவதும் ஒரே நிர்வாகத்தின் கீழ் இல்லை. 1887ஆம் ஆண்டு நகராட்சிச் சட்டம் நகரத்தையும் கிராமப்புறத்தையும் பிரித்தது. நகரத்தை நகராட்சி ஆணையர்கள் கவனித்தார்கள். அதற்கு வெளியே இருந்த தோட்டங்களும் கம்போங்குகளும் பின்னாளில் கிராம வாரியத்தின் பொறுப்பில் இருந்தன.

இந்த வேறுபாடு அன்றாட வாழ்க்கையில் தெரிந்தது. சாலை, சாக்கடை, குழாய்த் தண்ணீர், தெருவிளக்கு எல்லாம் நகரத்துக்கு முதலில் வந்தன. கிராமப்புறத்தில் பலர் கிணற்றையும் பொதுக் குழாயையும் நம்பியிருந்தார்கள்.

அன்றைய காத்தோங் தென்னந்தோப்புகளும் கடற்கரை பங்களாக்களும் நிறைந்த இடம். நகரம் கிழக்கே வளர வளர, நகராட்சியின் கையும் இங்கு நீண்டது. 1917ல் கேலாங்கையும் ஈஸ்ட் கோஸ்ட் ரோட்டையும் இணைக்கும் சாலைக்கு நகராட்சி இடம் தேடியபோது, நிலக்கிழார் சியூ ஜூ சியாட் தம் நிலத்தை இலவசமாகவே கொடுத்தார். இன்றைய ஜூ சியாட் ரோடு அவருடைய பெயரைத் தாங்கி நிற்கிறது.

தமிழர்களுக்கு நகராட்சி என்றால் வரி வாங்கும் அலுவலகம் மட்டுமல்ல, பிழைப்பு தந்த இடமும்கூட. சாலை போடவும் சாக்கடை வெட்டவும் தெருக் கூட்டவும் தமிழகத்திலிருந்து வந்தவர்கள் பெரும் எண்ணிக்கையில் வேலைக்கு அமர்த்தப்பட்டார்கள். தோட்டத்து லயன்களைப் போலவே நகராட்சித் தொழிலாளர்களுக்கும் வரிசை வீடுகள் இருந்தன. நகரத்தைத் துப்புரவாக வைத்திருந்த அந்தக் கைகளுக்கு, அதன் நிர்வாகத்தில் பேச வெகுகாலம் வாய்ப்பில்லை.

மன்றத்தில் ஒலித்த தமிழ்

போருக்குப் பின் நிலைமை மாறத் தொடங்கியது. 1949ல் நடந்த நகராட்சித் தேர்தலில் மொத்தம் 27 இடங்களில் 18 இடங்களுக்கு உறுப்பினர்கள் தேர்ந்தெடுக்கப்பட்டார்கள். 1951 செப்டம்பர் 22ஆம் தேதி சிங்கப்பூர் மாநகர் என்ற தகுதியைப் பெற்றது. நகராட்சி, மாநகர மன்றமானது.

1957ல் வந்த உள்ளாட்சிச் சட்டம் இன்னும் பெரிய மாற்றத்தைக் கொண்டுவந்தது. மாநகர மன்றத்தின் 32 இடங்களும் தேர்தலுக்கு விடப்பட்டன. மன்றத்தில் ஆங்கிலத்தோடு மலாய், சீனம், தமிழ் ஆகிய மொழிகளிலும் பேசலாம் என்ற நிலை வந்தது. ஆங்கிலம் தெரியாதவரும் குடிமக்கள் சார்பில் எழுந்து பேச வழி பிறந்தது.

அதே சீர்திருத்தத்தின்போதுதான் கிராமப்புறமும் வட்டாரங்களாகப் பிரிக்கப்பட்டது. காத்தோங், சிராங்கூன், புக்கிட் பாஞ்சாங், ஜூரோங், தென் தீவுகள் என ஐந்து வட்டாரங்கள். இவற்றில் காத்தோங் என்பது இன்று நாம் லக்சா சாப்பிடப் போகும் தெருக்களை மட்டும் குறிக்கவில்லை. தீவின் கிழக்குக் கிராமப்புறத்துக்கே அந்தப் பெயர் சூட்டப்பட்டிருந்தது. ஜூ சியாட்டோ அப்போது மாநகரப் பகுதி. அதாவது காத்தோங் என்ற பெயர் எல்லையின் இரு பக்கமும் இருந்தது.

ஏன் நிலைக்கவில்லை?

1957 டிசம்பர் 21ஆம் தேதி நடந்த மாநகர மன்றத் தேர்தலில் மக்கள் செயல் கட்சி 13 இடங்களைப் பிடித்தது. அதன் ஓங் எங் குவான் மேயரானார். அவருடைய நிர்வாகம் பரபரப்புக்கும் சர்ச்சைக்கும் பெயர்பெற்றது. 1959 ஏப்ரலில் அவர் பதவி விலகினார்.

அதே ஆண்டில் சிங்கப்பூர் தன்னாட்சி பெற்றது. ஒரு சிறிய தீவுக்கு மத்திய அரசாங்கம் ஒன்று, மாநகர மன்றம் ஒன்று, கிராமப்புறத்துக்குத் தனி அமைப்புகள் என அடுக்கடுக்காகத் தேவையா என்ற கேள்வி எழுந்தது. புதிய அரசாங்கம் உள்ளாட்சிப் பணிகளைத் தேசிய வளர்ச்சி அமைச்சின் கீழ் கொண்டுவந்தது. 1960ல் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் பிறந்தது. 1963ல் மாநகர மன்றம் முறைப்படி முடிவுக்கு வந்தது. தண்ணீர், மின்சாரம், எரிவாயு ஆகியவை பொதுப் பயனீட்டுக் கழகத்திடம் சென்றன.

இதனால் கிடைத்த நன்மை சிறிதல்ல. கம்போங்குக்கும் நகரத்துக்கும் ஒரே தரமான தண்ணீர், ஒரே விதமான வீடமைப்புத் திட்டம் என்பது ஒரே நிர்வாகம் இருந்ததால் எளிதானது. இழப்பும் உண்டு. வட்டாரத்துக்கென்று ஒரு மன்றம், அதில் நம் மொழியில் நம் தெருவைப் பற்றிப் பேசும் ஓர் உறுப்பினர் என்ற வாய்ப்பு, முளைவிட்ட சில ஆண்டுகளிலேயே மறைந்துபோனது.

நார்வேயில் வேறு வழி

மக்கள்தொகையில் சிங்கப்பூரை ஒட்டி வரும் நார்வே வேறு வழியில் சென்றது. அங்கு 1837ல் இயற்றப்பட்ட சட்டத்தால் ஊர்தோறும் உள்ளாட்சி மன்றங்கள் வந்தன. அங்கும் 1960களில் நூற்றுக்கணக்கான சிறிய கிராம மன்றங்கள் பெரியவற்றோடு இணைக்கப்பட்டன. பல ஊர்களின் பெயர் மட்டும் எஞ்சியது. ஆனாலும் உள்ளாட்சியே ஒழியவில்லை. இன்றும் அங்கு 357 மன்றங்கள் உள்ளன. சுமார் 200 பேர் மட்டுமே வாழும் உட்சிரா தீவுக்கும் ஒரு மன்றம் உண்டு.

சிறிய மன்றங்களுக்கு ஆளும் பணமும் போதாது என்பது அங்கே எழும் குறை. யாரிடம் போவது என்று தெரியவில்லை என்பது இங்கே எழுந்த குறை.

மீண்டும் வந்த நகர மன்றம்

1986ல் அங் மோ கியோவில் மூன்று நகர மன்றங்கள் சோதனை முறையில் தொடங்கப்பட்டன. 1988ல் அதற்கான சட்டம் நிறைவேறியது. ஆனால் இவை பழைய மாநகர மன்றம் போன்றவை அல்ல. நாடாளுமன்ற உறுப்பினர்களே இவற்றை வழிநடத்துகிறார்கள். வீவக பேட்டைகளின் பொது இடங்களைப் பராமரிப்பதே இவற்றின் முதன்மைப் பொறுப்பு. சிலோன் ரோட்டுக்கும் மரின் பரேட் புளோக்குகளுக்கும் இடையே நாம் கண்ட வேறுபாட்டுக்குக் காரணம் இதுதான்.

மற்ற வேலைகள் பல அமைப்புகளிடம் பிரிந்திருக்கின்றன. 2014 தேசிய தினப் பேரணி உரையில் அன்றைய பிரதமர் லீ சியன் லூங் ஒரு மீன் உருண்டைக் குச்சியின் கதையைச் சொன்னார். அது கீழே கிடந்த இடத்தைச் சுற்றி அடுத்தடுத்த பகுதிகள் வெவ்வேறு அமைப்புகளின் பொறுப்பில் இருந்தன. அதை எடுப்பது யார் வேலை என்பதே கேள்வியானது. அந்த ஆண்டிலேயே நகராட்சிச் சேவைகள் அலுவலகம் அமைக்கப்பட்டது. அடுத்த ஆண்டு ஒன்சர்விஸ் செயலி வந்தது.

ஆகவே வீட்டுப் பெரியவர்கள் கேட்டால் இப்படிச் சொல்லிக் கொடுக்கலாம். புளோக்கின் நடைவழி, மின்தூக்கி என்றால் நகர மன்றம். சாலை என்றால் நிலப் போக்குவரத்து ஆணையம். வடிகால் அடைப்பு என்றால் பொதுப் பயனீட்டுக் கழகம். கொசுத் தொல்லை என்றால் தேசிய சுற்றுப்புற வாரியம். யாரென்று தெரியாவிட்டால் ஒன்சர்விஸ்.

2024 ஜூனில் திறக்கப்பட்ட ரயில் நிலையங்களில் இரண்டு காத்தோங் பார்க், தஞ்சோங் காத்தோங். வட்டாரம் மறைந்தாலும் பெயர் நிலைத்துவிட்டது. அடுத்த முறை அங்கு இறங்கும்போது, இந்தப் பெயரில் ஒரு கிராமப்புற வட்டாரம் இருந்ததையும், அதே காலத்தில் மாநகர மன்றத்தில் தமிழில் பேச வழி பிறந்ததையும் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.